ஃப்ரிட்ஜ் நோட்டு

கிளினிக்கில் எல்லோரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் நர்ஸ் படிப்பு படித்தவள் அல்ல. பத்தொன்பது வயதில் தரை துடைக்க வந்தவள். பிறகு டோக்கன் கொடுத்தாள், பிறகு காயம் கழுவிக் கட்டுப் போட்டாள். ஊசி போடுகிற பெண் ஒருநாள் வராமல் போனதும் டாக்டர், "நீ போடும்மா, நான் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்" என்றார். அன்றிலிருந்து பதினாறு வருஷமாக ஊசி அவள் கையில். அந்தக் கை பட்டால் வலி தெரியாது என்று தெருவில் பேர். அவள் புருஷன், வீடுகளுக்கு வெள்ளையும் வர்ணமும் அடிக்கிற பெயிண்டர், அதற்கும் ஒரு கேலி வைத்திருப்பான். "எங்க வீட்ல பேசினாத்தான் வலிக்கும், குத்தினா வலிக்காது."

மருந்து அறையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் இருந்தது. டாக்டர் வீட்டில் புதிது வாங்கியபோது இங்கே வந்து சேர்ந்தது. குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பூசி மருந்தும், சர்க்கரைக்காரர்களின் இன்சுலினும் அதில்தான். பக்கத்து ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்கியது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்து அதில் எழுத வேண்டும். இரண்டுக்குக் கீழே போகக்கூடாது, எட்டுக்கு மேலே போகக்கூடாது. சுகாதார அலுவலகம் போட்ட விதி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தெர்மாமீட்டர் கை தவறி விழுந்து உடைந்தது. வெளியே அறுபது டோக்கன் காத்திருந்த நேரம்.

"சார், டிகிரி பார்க்கிறது உடைஞ்சு போச்சு. என்ன எழுதட்டும்?"

டாக்டர் ஒரு குழந்தையின் தொண்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். "நேத்து என்ன போட்ட?"

"நாலு."

"ஃப்ரிட்ஜ் ஓடுதுல்ல?"

"ஓடுது சார்."

"அப்ப நாலுதான். புதுசு வாங்கிக்கலாம். ஆ காட்டு கண்ணு, இன்னும் பெரிசா."

வாங்கவில்லை. முதல் வாரம் அவளுக்கு நெஞ்சு உறுத்தியது. அந்த உறுத்தலைத் தீர்க்க அவளுக்குத் தெரிந்த வழி, வேலையை இன்னும் சுத்தமாகச் செய்வது. வெறும் நான்கு நான்கு என்று போட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். காலையில் நான்கு, ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிய நாள் முடிவில் ஐந்து. வெயில் கொளுத்திய நாட்களில் ஆறு. பதினைந்து நாளைக்கு ஒரு மூன்று. ஒரே பேனாவால் எழுதினால் ஒரே மூச்சில் எழுதியது தெரிந்துவிடும் என்று இரண்டு பேனா வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவு. அன்று மாலை உட்கார்ந்து அடுத்த செவ்வாய் காலை வரைக்கும் எழுதி முடித்துவிடுவாள். மழை வெள்ளத்தில் தெரு முழுக்க மின்சாரம் நின்ற மூன்று நாளுக்கும் அந்த நோட்டில் நான்கும் ஐந்தும் இருக்கின்றன. முத்து முத்தான எழுத்து. ஒரு அடித்தல் கிடையாது.

அதே வருஷம் கோடையில் ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்று டாக்டர் உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகைக் கடைசி எண்ணான ஏழுக்குத் திருப்பி வைத்தார். கோடை போயிற்று. திருகு ஏழிலேயே இருந்தது. பின்பக்கத் தட்டில் பனி பிடித்து, நாளாக ஆகச் சுவர்போலக் கெட்டியாயிற்று. அவள் அதைப் பார்த்து, நல்ல ஃப்ரிட்ஜ், பழசானாலும் உழைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

*

பெயிண்டருக்குச் சர்க்கரை வந்து நான்கு வருஷம். மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் டாக்டர், இனி மாத்திரை போதாது, காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஆகவே வேலைக்குப் போகிற வழியிலும், வேலை முடிந்து வருகிற வழியிலும் அவன் கிளினிக்குக்கு வந்து சட்டையைத் தூக்கிக் காட்டுவான். அவள் போட்டுவிடுவாள். பெயிண்டில் கலக்கிற தின்னரும் வியர்வையும் சேர்ந்த வாசனையோடு, புருவத்தில் காய்ந்த பெயிண்டோடு நிற்பான்.

"சிஸ்டரம்மா, இன்னைக்கு எந்தப் பக்கம்?"

"இடது. ஆடாம நில்லுங்க."

"ஏணி மேலயே ஆடாம நிக்கறவன் நான்."

தெருவில் இன்னும் இரண்டு பேருடைய இன்சுலின் அந்த ஃப்ரிட்ஜில் இருந்தது. அவற்றை அவள் கதவுத் தட்டில் வைத்திருந்தாள். புருஷனுடையதை அங்கே வைக்க மனசு வரவில்லை. கதவு நாளைக்கு நாற்பது தடவை திறக்கிறது. மருந்து குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றிலும் குளிர்ச்சியான இடம் எது என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பின்தட்டில், பனிச்சுவரை ஒட்டி ஒரு குழி. குப்பியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அந்தக் குழியில் வைத்தாள். அங்கே வேலை பார்ப்பதில் அவளுக்குக் கிடைத்த சலுகை என்று ஒன்று உண்டென்றால் அதுதான். சில காலைகளில் டப்பா பனியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். லேசாக இழுத்தால் வந்துவிடும். குப்பியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, சூடு ஏறும்வரை உருட்டுவாள். அவனுக்குச் சில்லென்று குத்தக்கூடாதல்லவா.

சர்க்கரை இறங்கவில்லை. முந்நூறு, முந்நூற்றைம்பது, ஒரு தடவை நானூற்றுப் பத்து. டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டினார். பிறகும் கூட்டினார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"உண்மையைச் சொல்லு. என்ன திங்கிற?"

"நீங்க எழுதிக் கொடுத்ததுதான் சார்."

"மத்த ரெண்டு பேருக்கும் இதே ஊசி, இதே ஃப்ரிட்ஜ், இதே கை. அவங்களுக்கு இறங்குது. உனக்கு மட்டும் என் மருந்து வேலை செய்யாதா?"

அவளுக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

பெயிண்டரின் அக்கா அவர்களோடுதான் இருந்தாள். புருஷன் போனபின் தம்பி வீட்டுக்கு வந்தவள். பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. மாலையில் விற்காமல் நின்ற பன்னும் ரஸ்க்கும் ஒரு பையில் அவளோடு வீட்டுக்கு வரும். டாக்டர் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து அக்கா பன்களை எண்ணி வைக்க ஆரம்பித்தாள்.

"ஏழு இருந்துச்சு. இப்ப ஆறரை."

"அக்கா, அரைப் பன்னுக்கு என்னை ஜெயில்ல போடுவியா?"

"அப்ப நீதான் தின்ன."

"பசிச்சுச்சுக்கா. ஒரே ஒரு தடவை. அதுவும் பாதி."

"பாதி நீ ஒத்துக்கிட்டது. ஒத்துக்காதது எவ்வளவோ. ஏம்மா, உன் புருஷன் வாயை மோந்து பாரு, இன்னைக்கு எந்தக் கடை டீன்னு தெரியும்."

சிரித்துக்கொண்டு ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் சிரிப்பு போய்விட்டது. அக்கா அவன் சட்டைப்பையைத் துவைப்பதற்கு முன் உதறிப் பார்த்தாள். ரஸ்க் டப்பா அவள் பெட்டிக்குள் போனது. வேலை முடிந்து வருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, "ஊது" என்பாள். அவன் ஊதுவான். நாற்பத்தாறு வயது மனிதன், கையில் பிரஷ் டப்பாவோடு, கண்ணை மூடிக்கொண்டு ஊதுவான்.

அவளும் மோந்து பார்த்திருக்கிறாள். அக்காபோல நேராக அல்ல. பக்கத்தில் படுத்திருக்கும்போது, அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து, முகத்தருகே குனிந்து. ஒரு புளித்த பழ வாசனை அடித்தது. பழம் தின்றிருக்கிறான் என்று முடிவு செய்தாள். சர்க்கரை முற்றினால் மூச்சே அப்படி மணக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. பதினாறு வருஷத்தில் அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவன் தூங்கியிருக்கவில்லை. "என்ன, தேறுதா?" என்று இருட்டில் கேட்டான். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

*

சுகாதார அலுவலகத்திலிருந்து தர மதிப்பீட்டுக்கு ஆள் வருகிறது என்று கடிதம் வந்தது. நூறு மார்க். எழுபதுக்குக் கீழே போனால் கிளினிக்கை மூடச் சொல்லலாம். டாக்டர் முதல்முறையாக அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் ஈரம் பூத்திருந்தது.

"உன் வீட்டுக்காரர் ஃப்ரீயா இருக்காரா சிஸ்டர்?"

பெயிண்டர் ஒன்பது நாள் அங்கே வேலை பார்த்தான். காலை நோயாளிகள் போனபின் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, பள்ளங்களில் பட்டி வைத்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து, அதன் மேல் இரண்டு கை வெளிர்பச்சை. பச்சையும் வெள்ளையும் சேருகிற இடத்தில் நூல் பிடித்துக் கோடு போட்டான். மற்றவர்கள் அந்த இடத்தில் டேப் ஒட்டுவார்கள். அவன் வெறும் பிரஷ்ஷால் இழுப்பான், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏணியின் ஐந்தாம் படியில் ஒற்றைக் காலில் சாய்ந்து. கோடு மயிரிழை பிசகாது.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ சுரண்டுகிற தகடு மேலிருந்து விழுந்து வலது கால் கட்டைவிரலை வெட்டியது. சர்க்கரையில் மரத்துப்போன கால், அவனுக்குத் தெரியவில்லை. தரையில் பச்சைக்கு நடுவே சிவப்பைப் பார்த்துவிட்டு, எந்த டப்பா கொட்டியது என்று தேடினான். அவள்தான் காலைப் பார்த்தாள்.

கழுவிக் கட்டினாள். தினமும் கட்டினாள். விரல் முதலில் வீங்கியது, பிறகு நுனி கறுத்தது. டாக்டர் மாத்திரையை மாற்றினார். "சர்க்கரை இறங்காம புண்ணு எப்படி ஆறும்? வாயைக் கட்டச் சொல்லும்மா." வாயைக் கட்டச் சொன்னாள். அவன் இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினான். பிறகு நிறுத்தினான். சட்டை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. நூல் கோடு போட்ட சுவருக்கு முன்னால் நின்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான். "பாத்தியா, கண்ணு மங்கினாலும் கை மங்கல."

மதிப்பீட்டுக்கு முந்தின நாள் திங்கட்கிழமை. காலாவதியான மருந்துகள் இரண்டு மூட்டையாக டாக்டரின் காரில் ஏறின. கை கழுவும் ஆறு படிகளைப் பற்றிய படம் குழாய்க்கு மேலே வந்தது. தீயணைப்பு உருளை இல்லை என்று அக்காவிடம் சொல்லி பேக்கரியிலிருந்து ஒன்று இரவல் வாங்கினார்கள். அதன்மேல் மாவு படிந்திருந்தது. அவள் துடைத்து வைத்தாள். புதுத் தெர்மாமீட்டரும் வந்தது. ஃப்ரிட்ஜ் கதவில், திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அவள் அதைத் தொங்கவிட்டாள். சிறிது நேரம் கழித்துப் பார்த்தாள். நான்கரை காட்டியது.

மூன்று வருஷமாக மனசுக்குள் கிடந்த ஒரு கல் இறங்கினதுபோல இருந்தது. தான் எழுதியது பொய் இல்லை, எழுதியபோது பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது.

*

செவ்வாய்க்கிழமை வந்த மதிப்பீட்டு அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். கையில் தடித்த படிவம். கோபப்படாமல், அவசரப்படாமல், ஒவ்வொன்றாகக் கேட்டார். குப்பைக்கூடை எத்தனை நிறம், ஊசி முனை எங்கே போகிறது, நோயாளி மயங்கி விழுந்தால் முதலில் என்ன. அவளைக் குழாயடியில் நிற்கவைத்துக் கை கழுவச் சொன்னார். ஆறு படியும் வரிசையாகச் செய்தாள்.

"பழகின கை" என்று எழுதிக்கொண்டார்.

மூன்று நோயாளிகளிடம் கருத்துக் கேட்க வேண்டும். டாக்டர் மூன்று பேரைத் தயாராக உட்காரவைத்திருந்தார். அதில் ஒருவன் பெயிண்டர். வெள்ளைக் கட்டுப் போட்ட காலைப் பெஞ்சுக்கு அடியில் மடக்கியிருந்தான். அன்று காலையிலிருந்து அவனுக்குக் குளிர் நடுக்கம். நெற்றி கொதித்தது.

"இங்கே கவனிப்பு எப்படிங்க இருக்கு?"

"தங்கமான டாக்டருங்க. நான்தான் சொன்ன பேச்சு கேக்கிறதில்ல."

அதிகாரி சிரித்தார். டாக்டரும் சிரித்தார்.

மருந்து அறைக்கு வந்தார்கள். அதிகாரி நோட்டை ஆணியிலிருந்து எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கம், பத்துப் பக்கம், போன வருஷம், அதற்கு முந்தின வருஷம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"இதை யாரு எழுதறது?"

"நான்தாங்க."

"இந்த வட்டாரத்துல முப்பது கிளினிக் பார்த்துட்டேன். ஒரு நாள் விடாம எழுதின நோட்டை இப்பத்தான் பாக்கறேன். படிச்ச நர்ஸுங்ககூட இப்படி எழுத மாட்டாங்கம்மா."

அவளுக்குக் கன்னம் சூடாயிற்று. வெட்கமா பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதிகாரி ஃப்ரிட்ஜைத் திறந்தார். கதவில் நான்கரை. நடுத்தட்டில் தடுப்பூசிப் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து உள்ளே கையை விட்டார். பின்தட்டு டப்பா வரவில்லை. இழுத்தார். பனித்துண்டோடு பெயர்ந்து வந்தது. குப்பியை வெளிச்சத்தில் சாய்த்தார். உள்ளே மருந்து அசையவில்லை.

"இது யாரோடது?"

டாக்டர் முந்திக்கொண்டார். "ஸ்டாஃப் வீட்டு மருந்து மேடம். நோயாளிகளோடது கதவுல இருக்கு."

"சொந்தப் பொருள் வைக்கக் கூடாது. ஒரு மார்க் குறைக்கிறேன். பனியைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க." குப்பியை அவள் கையில் கொடுத்தார். "இதைத் தூக்கிப் போட்டுடும்மா. இன்சுலின் ஒரு தடவை உறைஞ்சா அவ்வளவுதான். இளகினதும் பார்க்க நல்லாத்தான் இருக்கும். போட்டா வெறும் தண்ணி."

அடுத்த கேள்விக்குப் பக்கத்தைத் திருப்பினார்.

அவள் அந்தக் குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழக்கத்தில் உள்ளங்கைகள் அதை உருட்ட ஆரம்பித்திருந்தன. சுவருக்கு அந்தப்புறம் பெயிண்டர் யாரிடமோ பேசுவது கேட்டது. இந்தப் பச்சை கடையில் கிடைக்காது, தானே கலந்தது என்று. இப்போது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மா, அந்த நோட்டு முழுக்கப் பொய். நடுத்தட்டுப் பெட்டிகளையும் பாருங்கள், அவை குழந்தைகளுக்குப் போகிறவை. வாக்கியம்கூட மனசில் ஒழுங்காக அமைந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டு மார்க். நோட்டுக்கு மட்டும் பத்துக்குப் பத்து.

எல்லோரும் போனபின் அவள் மருந்து அறையில் தனியாக உட்கார்ந்தாள். செவ்வாய் மாலை. கை தானாக நோட்டை எடுத்தது. அன்று மாலைக்கு ஐந்து. புதன் நான்கு, ஐந்து. வியாழன் நான்கு, ஐந்து. பேனாவை மாற்றினாள். வெள்ளி, சனி. அடுத்த செவ்வாய் வரைக்கும் எழுதிவிட்டுத்தான் என்ன செய்கிறோம் என்று பார்த்தாள்.

*

புதன்கிழமை காலை அவனால் எழுந்திருக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே புது இன்சுலின் ஏறியது. நானூற்று எண்பதில் வந்தவனுக்கு மறுநாளே இருநூறு. வார்டு நர்ஸ் சீட்டைக் காட்டி, "பாத்தீங்களா, வெளிய கண்டதைத் தின்னாம இருந்தா தானா இறங்குது" என்றாள்.

"நான் கரடியாக் கத்தினேனே" என்றாள் அக்கா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எட்டு மாசமா கத்தினேன்."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

விஷம் ஏறிவிட்டது, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அவள் கிளினிக்குக்குப் போனாள். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. டாக்டர் சான்றிதழைச் சட்டம் போட்டு, எந்த இடத்தில் மாட்டலாம் என்று அந்த நூல் கோட்டுக்கு மேலே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னாள். ஒன்றுவிடாமல், நடந்த வரிசையில்.

அவர் சட்டத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"யாரு உன்னை அங்க வைக்கச் சொன்னது?"

"குளிர்ச்சியா இருக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க சார்."

"குளிர்ச்சின்னா உறையறதா? மத்தவங்களோடதை ஒழுங்கா வச்சிருக்கியே."

"நம்ம வீட்டோடதாச்சேன்னு…" அதற்கு மேல் வரவில்லை.

அவர் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். திருகை ஏழிலிருந்து மூன்றுக்குத் திருப்பினார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"நான் ஒரு ஆளு. தினம் எண்பது பேர். இந்தத் தெருவுக்கு வேற யாரு இருக்கா சொல்லு. இப்ப இதை வெளிய சொன்னா இதை மூடுவாங்க. உன் வேலை போகும். கால் திரும்ப வருமா?"

"நடுத்தட்டுல குழந்தைங்க மருந்து இருக்கு சார். மூணு வருஷமா."

"அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

"எப்படித் தெரியும் சார்?"

அவர் திரும்பவில்லை. நடுத்தட்டுப் பெட்டி ஒன்றை எடுத்து, தொட்டுப் பார்த்து, திரும்ப வைத்தார். "போ. போய் அவரைப் பாரு" என்றார். கெட்டவர் இல்லை. இத்தனை வருஷமும் அவளுக்கு அது ஒரு தைரியமாக இருந்தது.

அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டதும் அவள் நோட்டை ஆணியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

*

வார்டில் பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஆறு. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவன் மெலிந்து, தலையணைக்குள் புதைந்திருந்தான்.

"என்னங்க, நீங்க ஒண்ணும் தின்னல" என்றாள் அவள்.

"இன்னைக்கா? கஞ்சி குடிச்சேனே."

"எட்டு மாசமா. நீங்க ஒண்ணும் திருட்டுத்தனமா தின்னல. மருந்துதான் கெட்டுப் போயிருந்துச்சு. நான்தான் கெடுத்தேன்." பின்தட்டு, பனி, குப்பி, தண்ணீர் என்று சொல்லி முடித்தாள்.

அக்கா கூடையை நகர்த்திவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "நீ நல்லவ. அவனை விட்டுக் கொடுக்காம இருக்கறதுக்கு இப்படியும் சொல்லுவ. ஆனா இந்த வாரம்தானே தொண்ணூத்திரண்டு மார்க் வாங்கின இடம்னு தெருவே பேசுது? நம்ம உருளையைக்கூடத் திருப்பிக் கொடுத்தாங்களே."

"அண்ணி, அந்த மார்க்கே…"

"விடு" என்றான் அவன். "நான் தின்னேன்."

"என்ன தின்னீங்க?"

"படுத்துக்கிட்டே எல்லாம் கணக்குப் போட்டுட்டேன். அரைப் பன்னு. டாக்டர் வீட்டம்மா கொடுத்த டீ ரெண்டு, சர்க்கரை போட்டது. போன வருஷம் மாடி வீட்டு வேலையில பிஸ்கட். அதுக்கு மேலயும் இருந்திருக்கணும். இல்லாம நானூறு வராது." குரலைத் தாழ்த்தினான். "தூக்கத்துல எழுந்து போய்த் திங்கறேனோன்னு சந்தேகம். ரெண்டு மூணு தடவை கட்டிலோட கையைக் கட்டிக்கிட்டுப் படுத்தேன். காலைல கட்டு அப்படியே இருந்துச்சு. அப்பவும் நம்பிக்கை வரல."

அவன் மணிக்கட்டில் ஒருமுறை பார்த்த சிவந்த தழும்பு அவளுக்கு நினைவு வந்தது. ஏணிக் கயிறு அறுத்தது என்று சொல்லியிருந்தான்.

பையிலிருந்து நோட்டை எடுத்து, விரித்து, அவன் மார்பில் வைத்தாள்.

"படிங்க."

கண் மங்கலாக இருந்ததால் தூக்கிப் பிடித்து, தள்ளிப் பிடித்துப் பார்த்தான். "நல்லா இருக்கு. அச்சடிச்ச மாதிரி."

"தேதியைப் படிங்க."

"வெள்ளி. காலை நாலு, மாலை அஞ்சு." அக்காவிடம், "மணி என்னக்கா?" என்றான்.

"நாலேகால்."

"மாலைக் கணக்குக்கு இன்னும் நேரம் இருக்கே." விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "சனி. காலை நாலு." அங்கே நின்றது. "நாளைக்கு."

"நாளைக்குத்தான்."

"மாலை அஞ்சு." வாயால் சொல்லிப் பார்த்தான். "நாளைக்கு மாலை எனக்கு ஒரு கால் இருக்காது. ஃப்ரிட்ஜுக்கு மட்டும் அஞ்சு."

அடுத்த வரியும் அதற்கடுத்த வரியும் படித்தான். பிறகு முன்பக்கங்களைப் புரட்டினான். வெள்ளம் வந்த தேதி அவனுக்கு நினைவிருந்தது. அன்று அவன்தான் அக்காவைத் தோளில் தூக்கித் தெருவைக் கடந்தான். அந்த நாளுக்கும் நான்கு, ஐந்து.

"அப்ப நான் திங்கல."

"இல்ல."

"அரைப் பன்னுதான்."

"அரைப் பன்னுதாங்க."

அவன் அழுதான். சத்தம் வரவில்லை. காது வரைக்கும் ஓடியது. அவள் துடைக்கக் கை நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுவும் நியாயம்தான் என்று அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா" என்றான் சுவரைப் பார்த்தபடி. "வந்து மோந்து பாரு."

அக்கா நகரவில்லை. கூடையின் கைப்பிடியைப் பின்னிப் பின்னிப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் அவன் காலடியில், கட்டுப் போட்ட பாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடப் பயந்து போர்வையைத் தொட்டாள்.

வார்டு நர்ஸ் வந்தாள். கையில் கறுப்பு மார்க்கர். நாளைக்கு எந்தக் கால் என்று தப்பு நேராமல் இன்றைக்கே குறி போட வேண்டுமாம். போர்வையை விலக்கி, முழங்காலுக்கு நான்கு விரல் கீழே சுற்றிக் கோடு இழுத்தாள். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"கோடு இறங்குது சிஸ்டர்" என்றான். "வெளிப்பக்கம் அரை விரல் இறங்கிடுச்சு. நூல் பிடிச்சிருக்கலாம்."

நர்ஸ் அவனை விநோதமாகப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அவள் மடியில் போன் அடித்தது. டாக்டர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடு" என்றான் அவன்.

எடுத்தாள். பின்னால் குழந்தை ஒன்று வீரிட்டு அழுவது கேட்டது.

"சிஸ்டர், ஃப்ரிட்ஜ் நோட்டு எங்க? ஆணில காணோம். அந்த மேடம் ஒரு நகல் கேக்கறாங்க, மத்த கிளினிக்குக்கு மாதிரி காட்டறதுக்காம். இன்னைக்கு மாலைக்கும் எழுதணும்ல."

அவன் நோட்டை மூடவில்லை. மார்பில் விரித்தபடி இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"எழுதியாச்சு சார்" என்றாள். "அடுத்த செவ்வாய் வரைக்கும் எழுதியாச்சு. அந்த மேடத்துக்கிட்ட நானே கொண்டுபோய்க் காட்டறேன்."